முப்பத்தெட்டு ஷார்ட்கட்

— குப்பையில போட்டேன்மா. நேத்தும் போட்டேன், முந்தாநாளும் போட்டேன். காலையில வந்து கம்ப்யூட்டரைப் போட்டா, விரட்டி விட்ட பூனை மாதிரி அதே இடத்துல வந்து உக்காந்திருக்கு.

— மேடம், ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். எது வந்து உக்காந்திருக்கு? மெதுவா சொல்லுங்க, சரிங்களா?

— அந்தப் படம்தான். கீழ 'டிகிரி பதிவு'ன்னு எழுதியிருக்கும். பக்கத்துலயே இன்னொரு 'டிகிரி பதிவு' இருக்கு. ஒண்ணோட மூலையில குட்டியா ஒரு அம்புக்குறி. இன்னொண்ணுல அது இல்ல. அம்புக்குறி வெச்சதுதான் போகவே மாட்டேங்குது.

— அம்புக்குறி இருந்தா அது ஷார்ட்கட் மேடம். தலைமை ஆபீஸ் சர்வரே தினமும் காலையில அதைப் புதுசா போட்டு விடும். நீங்க எத்தனை தடவை எடுத்தாலும் மறுநாள் வரத்தான் செய்யும். அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுடுங்க. வேற ஏதாவது உதவி வேணுங்களா?

— இரு இரு, வெச்சிடாதே. அது பேச்சை ஆரம்பிக்கச் சொன்னது. நிஜமான தலைவலி இனிமேதான். இன்னிக்கு மேலிடத்துலேர்ந்து எனக்கு ஓலை வந்திருக்கு. 'தெற்குக் கிடங்கில் ஆறு வாரமாகப் பதிவு இல்லை. இன்று மாலைக்குள் விளக்கம் தரவும்.' படிச்சதும் தலை சுத்திடுச்சு. ஒரு நாள், ஒரு வேளை நான் விட்டதில்லம்மா. காய்ச்சலோட வந்து எழுதியிருக்கேன்.

— என்ன பதிவு மேடம்? நீங்க எந்த வேலையில இருக்கீங்க?

— கோல்ட் ஸ்டோரேஜ். உறைஞ்ச மீன், பட்டாணி, அதெல்லாம் வைக்கிற இடம். எட்டு அறை. காலையில ஒரு சுத்து, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு சுத்து. ஒவ்வொரு அறையும் எத்தனை டிகிரின்னு பாத்து அந்த ஃபைல்ல ஏத்தணும். பத்து வருஷமா அதான் வேலை. மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினேழு. எழுதி எழுதி எனக்கே உள்ள குளிர் ஏறிப்போச்சு.

— சரிங்க மேடம். உங்க ஸ்க்ரீனை நான் இங்கேர்ந்து பாக்கட்டுமா? ஒரு பெட்டி வரும், 'ஆம்'னு அமுக்குங்க.

— அமுக்கிட்டேன்... அட, ஸ்க்ரீன்ல எலி தானா ஓடுதே! நான் கையே வைக்கலை!

— நான்தான் மேடம். பயப்படாதீங்க. முதல்ல குப்பைத் தொட்டியைத் திறந்து பாக்கறேன்... ஐயோ.

— என்ன? எதையாவது உடைச்சிட்டேனா?

— இல்ல மேடம். உள்ள முப்பத்தெட்டு ஷார்ட்கட் இருக்கு. எல்லாம் அதே 'டிகிரி பதிவு'. நாளுக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க.

— ஞாயித்துக்கிழமை லீவு. மத்த நாள் தவறாம போட்டேன். ஒரே பேர்ல ரெண்டு இருந்தா, கண்ணு தவறி எதுலயாவது எழுதிடுவேன்னு பயம். வீட்டுல ஆள் இல்லாட்டி மேஜையாவது சுத்தமா இருக்கணும் எனக்கு.

— அப்ப நீங்க எழுதறது அம்புக்குறி இல்லாத ஃபைல்ல. அதை எப்படி உண்டாக்கினீங்க? ஞாபகம் இருக்குங்களா?

— ஞாபகம் இல்லாம என்ன. ஆறு வாரத்துக்கு முன்னாடி, ஒரு திங்கக்கிழமை. வழக்கம் போல எழுதிட்டு சேமிக்கப் போனா, ஒரு பெட்டி வந்து நிக்குது. 'இந்த ஃபோல்டர் படிக்க மட்டும். வேறு இடத்தில் சேமிக்கவும்.' அன்னிக்கு என் புத்தி என்கிட்ட இல்ல. சரி, இந்த ஸ்க்ரீன் மேஜை மேலயே இருந்துட்டுப் போன்னு அதே பேர்ல சேமிச்சேன். அன்னிலேர்ந்து அதுல தடங்கல் இல்லாம எழுத முடியுது. இன்னொண்ணு எழுத விடாது. எழுத விடாததை வெச்சு நான் என்ன பண்ண?

— புரிஞ்சிடுச்சு மேடம். நீங்க எழுதினது எதுவும் தொலையலை. பத்திரமா இருக்கு. ஆனா அது உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு.

— அப்படின்னா?

— பழைய ஃபைல், வடக்கு, தெற்கு ரெண்டு கிடங்கும் சேந்து எழுதறது, பொது ஃபோல்டர்ல இருக்கு. அதை எல்லாரும் பாப்பாங்க. நீங்க அதோட நகல் ஒண்ணை எடுத்து, ஆறு வாரமா உங்க மேஜை மேலயே எழுதிக்கிட்டு இருந்திருக்கீங்க. வெளிய யாருக்கும் தெரியாது. உங்களைத் தவிர ஒருத்தரும் படிச்சிருக்க முடியாது.

— ஒருத்தருமேவா?

— ஒருத்தருமே. அதான் பதிவே இல்லன்னு ஓலை வந்திருக்கு. கவலைப்படாதீங்க, அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடலாம், சரிங்களா? எங்க தப்புதான் இது. அந்தத் திங்கக்கிழமைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஃபோல்டரைப் புது சர்வருக்கு மாத்தியிருக்காங்க. அனுமதி லிஸ்ட்டைப் பாக்கறேன்... ஆமா. வடக்குக் கிடங்குக்கு எழுதற அனுமதி இருக்கு. தெற்குக்குப் படிக்கற அனுமதி மட்டும். ஒரு கட்டத்துல டிக் போட மறந்திருக்காங்க.

— ஒரு டிக்கா?

— ஒரே ஒரு டிக்.

— வடக்குக்கு இருக்குன்னு சொன்னியே. அப்ப வடக்குக்காரர் எழுதிக்கிட்டு இருந்திருப்பாரா?

— எழுதியிருக்கலாம். நீங்க பாக்கலையா? ஷார்ட்கட்டைத் திறந்தா படிக்கவாவது முடிஞ்சிருக்குமே.

— எழுத விடாததை எதுக்குத் திறக்கறதுன்னு... என்னத்தைச் சொல்ல. திறக்கவே இல்லம்மா. காலையில வந்ததும் முதல் வேலையா அதைப் பிடிச்சுக் குப்பையில போட்டேன்.

— உங்க நகல்ல வடக்கோட கட்டமெல்லாம் காலியா இருந்திருக்குமே. அது உங்களுக்கு வித்தியாசமா படலையா மேடம்?

— படாம என்ன. வேற ஃபைல்ல எழுதப் போயிட்டார்னு நெனச்சேன். என் பக்கத்துக் கட்டத்துல இருக்கப் பிடிக்காம.

— ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே?

— கேட்டா என்ன பதில் வருமோன்னு பயம். கேக்காம இருந்தா, எதுவும் நடக்கலைன்னு நெனச்சுக்கலாம் இல்ல? உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?

— இன்னும் இல்ல மேடம். எதுக்குக் கேக்கறீங்க?

— சும்மாத்தான். இந்தக் கட்டடத்துல நான் ஒருத்திதான்மா. லாரிக்காரங்க வருவாங்க, ஹாரன் அடிப்பாங்க, கையெழுத்து வாங்கிட்டுப் போவாங்க. மூஞ்சியைக் கூட நிமிந்து பாக்க மாட்டாங்க. என் பொண்ணு தூரத்துல இருக்கா. போன் போட்டா 'அம்மா, மீட்டிங்'னு வெச்சிடுவா. இன்னிக்கு நான் கேட்ட முதல் மனுஷக் குரல் உன்னோடதுதான். மணி மூணு ஆகுது.

— எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லக்கா... மன்னிச்சுக்கோங்க, மேடம்.

— அக்கான்னே சொல்லு. நல்லாத்தான் இருக்கு.

— நான் வீட்டுலேர்ந்துதான் வேலை பாக்கறேன். ஒரே ஒரு ரூம். ஹெட்செட்டை மாட்டினா நாள் பூரா ஜனம். கழட்டினா ஃபேன் சத்தம். பேசறவங்க எல்லாம் கோவமாத்தான் பேசுவாங்க. பிரச்சினை தீர்ந்ததும் வெச்சிடுவாங்க. ஒரு காலுக்குப் பத்து நிமிஷம் கணக்கு. தாண்டினா மூலையில சிவப்பு விளக்கு எரியும்.

— எனக்கு எத்தனை ஆச்சு?

— பன்னெண்டு. எரியட்டும், விடுங்க. நீங்க சொல்லுங்க. வடக்குக்காரர் யாரு?

— யாருன்னு கேட்டா என்ன சொல்ல. மூஞ்சி தெரியாது. குரல் தெரியாது. அந்த ஃபைல்ல கடைசியில ஒரு கட்டம் இருக்கும், பாத்தியா? 'குறிப்பு'ன்னு.

— வலது ஓரத்துலதானே? அங்க நான் இன்னும் போகலை.

— கதவு ரப்பர் கிழிஞ்சுது, மோட்டார் சத்தம் போடுது, அந்த மாதிரி எழுத வெச்ச கட்டம். நாலு வருஷத்துக்கு முன்னாடி என் அஞ்சாம் நம்பர் அறைக் கதவு மூடாம படுத்துது. அதை அதுல எழுதினேன். மறுநாள் பக்கத்துல வடக்கு எழுதியிருக்கார்: 'எங்க அஞ்சும் அப்படித்தான். கீழ் மூலையில ரெண்டு உதை விடுங்க.' விட்டேன். மூடிக்கிச்சு. 'மூடிடுச்சு, நன்றி'ன்னு எழுதினேன். அவ்வளவுதான் ஆரம்பம்.

— அப்புறம்?

— அப்புறம் தினமும் ரெண்டு வரி. காலையில நான், நாலு மணிக்கு அவர். எனக்கு இருமல்னா, எந்த அறைக்குள்ள எத்தனை நேரம் நிக்கலாம்னு கணக்குப் போட்டு எழுதுவார். அவரோட சம்சாரம் போய் ஏழு வருஷமாச்சுன்னு ஒரு நாள் எழுதினார். என் வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன கதையை நான் ஒரு வாரம் தவணை தவணையா எழுதினேன். ஒரு தடவை எழுதினார், 'நம்ம ரெண்டு கிடங்குலயும் சேத்து உயிரோட இருக்கிற சரக்கு நாம ரெண்டு பேர்தான்'னு. தனியா உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சேன். லாரிக்காரன் ஜன்னல் வழியா பயந்து போய்ப் பாத்தான்.

— தலைமை ஆபீஸ்ல யாரும் இதைப் பாக்கலையாக்கா?

— அவங்களுக்கு டிகிரி போதும். குறிப்பு வரைக்கும் எவன் வரான்? அவர் என்னை 'தெற்கு'ம்பார். நான் அவரை 'வடக்கு'ம்பேன். பேர் கேக்கணும்னே தோணலை.

— அக்கா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அந்தத் திங்கக்கிழமை உங்க புத்தி உங்ககிட்ட இல்லன்னு சொன்னீங்களே. ஏன்?

— கெட்டிக்காரிதான் நீ. அதுக்கு முந்தின சனிக்கிழமை நாலு மணிக்கு அவர் ஒண்ணு எழுதினார். 'அடுத்த ஞாயிறு நம்ம லாரி உங்க பக்கம் வருது. முன் சீட் காலி. நான் ஏறி வரட்டுமா?'

— ஐயோ... அப்புறம்?

— அப்புறம் என்ன. சனி ராத்திரி தூங்கலை. ஞாயிறு பூரா வீட்டுக்குள்ள நடந்தேன். அலமாரியைத் திறந்து புடவையெல்லாம் கட்டில்ல போட்டேன், திரும்ப மடிச்சு உள்ள வெச்சேன். கண்ணாடியில ரொம்ப நேரம் பாத்தேன். அம்பத்திமூணு வயசு. திங்கக்கிழமை காலையில வந்து, மத்தது எதையும் பாக்காம பதிலை எழுதினேன். எழுதி முடிச்சு அழுதேன். அப்பதான் அந்தப் பெட்டி வந்து நின்னுது.

— அந்தப் பதில்தான் உங்க மேஜை மேலயே தங்கிடுச்சு.

— சாயங்காலம் பாத்தேன். அவர் கட்டம் காலி. மறுநாளும் காலி. சரி, பதிலைப் படிச்சுட்டார், இனிமே பேச மாட்டார்னு முடிவு பண்ணிட்டேன். ஆறு வாரம்மா. காலையில எட்டு நம்பர், சாயங்காலம் எட்டு நம்பர். குறிப்புல எழுத ஒண்ணும் இல்ல. அஞ்சாம் நம்பர் கதவு மறுபடி கெட்டுப்போச்சு, அதைக்கூட யார்கிட்டயும் சொல்லலை. அந்தக் கட்டம் காலியா இருந்தப்பதான் தெரிஞ்சுது, இத்தனை நாள் நான் டிகிரி எழுத இங்க வரலைன்னு.

— பாவம்க்கா நீங்க. நீங்க மனசைத் திறந்து எழுதினதும் மனுஷன் பின்வாங்கிட்டார்னு நெனச்சு ஆறு வாரம் குமைஞ்சிருக்கீங்க.

— என்னத்தைச் சொல்ல.

— இருங்க, இப்பவே அந்த ஷார்ட்கட்டைத் திறக்கறேன். குப்பையில போட்டது போதும். இதோ வருது... அக்கா, பாருங்க. வடக்கு நிரம்பியிருக்கு. ஒரு நாள் விடாம எழுதியிருக்கார். உங்க பக்கம்தான் காலி.

— குறிப்பு? குறிப்புல ஏதாவது இருக்கா?

— ஓரத்துக்குப் போறேன்... இருக்கு. நிறைய இருக்கு.

— நீயே படிம்மா. எனக்குக் கண்ணு நிக்கலை.

— உங்க ரெண்டு பேரோட பேச்சுக்கா. நான் படிக்கலாமா?

— நீ பாக்காம விட்டிருந்தா நான் இன்னும் ஆறு வாரம் பாத்திருக்க மாட்டேன். படி.

— திங்கள்: 'பதிலுக்கு அவசரம் இல்ல.' புதன்: 'தெற்குல டிகிரியும் காணோமே. காய்ச்சலா? இருமலோட உள்ள போகாதீங்க.' சனி: 'ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன். தெற்குக் கிடங்கு ஓடிக்கிட்டு இருக்குன்னாங்க. அப்ப நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. போதும்.'

— போதும்னா எழுதியிருக்கார்?

— ஆமா. அடுத்த திங்கள்: 'நேத்து லாரி போயிடுச்சு. முன் சீட்ல டிரைவரோட சாப்பாட்டு டப்பா உக்காந்து போச்சு.'

— கிண்டல் பண்றார் பாரு. அந்த நேரத்துலயும் கிண்டல்.

— அப்புறம் ஒரு வாரம் கழிச்சு இது: 'நான் கேட்டது தப்புன்னா, கேட்டதை மட்டும் அழிச்சிடுங்க. மீதி நாலு வருஷத்தை விட்டுடுங்க.' அக்கா... அழறீங்களா?

— நீ படி.

— அதுக்கப்புறம் பெரிசா ஒண்ணும் இல்ல. 'இன்னிக்கு மழை.' 'மோட்டார் சரி பண்ணியாச்சு.' 'இன்னிக்கும் எழுதிட்டேன்.' இப்படியே போகுது. கடைசியா நேத்து நாலு மணிக்கு எழுதினது: 'வர ஞாயிறும் அதே லாரிதான். முன் சீட் இன்னும் காலிதான்.' அவ்வளவுதான்க்கா.

— நேத்தா? நேத்து சாயங்காலமா?

— நேத்து நாலு மணிக்கு. இன்னிக்கும் நாலு மணிக்கு வருவார் இல்ல? இப்ப மூணு இருபது. நேரம் இருக்கு. அந்த டிக்கை நானே போட்டுட்டேன், இனிமே நீங்க இதுல எழுதலாம். இப்ப உங்க நகல்ல இருக்கிற ஆறு வாரத்தையும் அப்படியே எடுத்து இதுல ஒட்டிடறேன். தலைமை ஆபீஸ் ஓலைக்கும் அதுவே பதில். எங்க தப்புன்னு நானே மெயில் போடறேன், சரிங்களா?

— டிகிரியை மட்டும் ஒட்டு.

— ஏன்க்கா? வரிசை வரிசையா எடுத்தா எல்லாமே சேந்துதான் வரும். குறிப்போட எடுக்கறதுதான் சுலபம்.

— சுலபம் வேண்டாம். டிகிரி மட்டும் போதும்.

— அக்கா, குறிப்புல உங்க பதில் இருக்கே! அதுதானே முக்கியம்? நாலு மணிக்கு அந்த மனுஷன் வந்து திறப்பார். நம்பரெல்லாம் வந்திருக்கும், பதில் மட்டும் இருக்காது. 'படிச்சும் ஒண்ணும் சொல்லலையே'ன்னு உடைஞ்சிட மாட்டாரா? ஆறு வாரமா ஒரு ஆள் காலிக் கட்டத்தோட பேசிக்கிட்டு இருந்திருக்கார். நான் ஒட்டத்தான் போறேன்.

— கையை எடு. எலியை விடு. நான் சொல்றேன்ல.

— வெக்கப்படறீங்களாக்கா? நான் அந்தப் பக்கம் பாக்கக்கூட மாட்டேன். கண்ணை மூடிக்கிட்டு ஒட்டிடறேன். இதோ, எல்லாத்தையும் தேர்ந்தெடுத்தாச்சு. ஒரே ஒரு தட்டு. அந்தத் திங்கக்கிழமையே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய பதில்க்கா இது. எங்க ஆபீஸ் பண்ணின பாவம் இப்பவாவது தீரட்டும்.

— பாவம் இல்லம்மா. அந்த டிக்கைப் போட மறந்தவங்க கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும் போல இருக்கு எனக்கு.

— என்னக்கா சொல்றீங்க?

— அன்னிக்கு நான் எழுதி வெச்சது, 'வர வேண்டாம். இது டிகிரி எழுதற இடம்.'